அவிசுவாசத்தோடும் ஜெபிக்கலாம்

ஜெபிக்க உட்கார்ந்தால் கேட்பவர் ஒருவர் இருக்கிறாரா என்ற எண்ணமே முந்திக்கொண்டு வருகிறது என்றும், அந்த மனதோடு ஆராதனைக்குப் போக வெட்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்த சகோதரிக்காக, நான் கடந்துவந்ததைப் பகிர்ந்துகொள்கிறேன்.

என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துபோயின. திருமங்கலத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் புறப்பட்டு, மதுரை கோரிப்பாளையத்தில் இறங்கி, டயாலிசிஸுக்காகப் பெரியாஸ்பத்திரிக்கு நடப்போம். நான்கு மணி நேரம் அவன் இரத்தம் குழாய் வழியே வெளியேறிச் சுத்தமாகித் திரும்பும். அவனுடைய இடது கையில், டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தால், தோலுக்கடியில் இரத்தம் பாய்கிற அதிர்வு துறுதுறுவென்று தெரியும். அந்த அதிர்வின்மேல் கைவைத்துத்தான் நான் ஒவ்வொரு முறையும் ஜெபித்தேன். உபவாச ஜெபங்களிலும் கன்வென்ஷன் கூட்டங்களிலும் அவன் பெயரைச் சொல்லி மன்றாடினோம். அவன் பிழைக்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், குடும்பத்தில் விசுவாசம் போதாமையால்தான் சுகம் தடைப்பட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். துக்க வீட்டில் விசுவாசிகள் சொல்லவே கூடாத வார்த்தை அது என்பது என் உறுதியான எண்ணம். அதன் பிறகு ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போனேன், பாமாலைப் பாட்டுகளைப் பாடினேன். ஆனால் தனியே இருக்கையில் ஒரு வார்த்தைகூட ஜெபிக்க முடியவில்லை.

1834-இல் இங்கே ஊழியத்தைத் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் வளர்த்த வழக்கப்படி, வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டும் பைபிள் உமன் வேலையைப் பல ஆண்டுகள் செய்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் எங்கள் சபையில் இருந்தார். அவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, எனக்குப் புத்தி எதுவும் சொல்லாமல், 13ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று தொடங்கி, ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை கேட்கிற சங்கீதம் அது. பிறகு, கடைசி வசனம்வரை ஆறுதலே இல்லாத 88ஆம் சங்கீதத்தை வாசித்தோம். “இதுவும் ஜெபந்தான் தம்பி. வேற வார்த்தை வராட்டி இதையே ஆண்டவர்கிட்ட சொல்லுங்க. நானும் இதைச் சொல்லித்தான் நடந்து வந்திருக்கேன்” என்றார்.

அதன் பின்புதான், பிள்ளையின் சுகத்துக்காக இயேசுவிடம் வந்த மாற்கு 9ஆம் அதிகாரத்துத் தகப்பனை நான் கவனித்து வாசித்தேன். “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று அவன் கண்ணீரோடே சத்தமிட்டபோது, முழு விசுவாசத்தோடு திரும்பி வா என்று இயேசு அவனை அனுப்பிவிடவில்லை, அவனுடைய பிள்ளையைக் குணமாக்கினார். தம் சொந்த ஊராரான நாசரேத்தூராரின் அவிசுவாசத்தைக் கண்டு ஆச்சரியப்பட்ட அதே ஆண்டவர்தான் இவர். அவர்கள் இயேசுவைக்குறித்து இடறலடைந்து, அவரை ஏற்காமல் போனார்கள். இவனோ தன் அவிசுவாசத்தையும் அவரிடமே கொண்டுவந்தான். எனக்கு வழி காட்டியது இந்த வித்தியாசமே. உயிர்த்தெழுந்த ஆண்டவரைத் தான் காணாமல் விசுவாசிப்பதில்லை என்று சொன்ன தோமாவும், எட்டு நாளைக்குப் பின்பு மற்றச் சீஷர்களோடேதான் வீட்டுக்குள்ளே இருந்தான். அவர்கள் அவனை வெளியே தள்ளிவிடவில்லை என்பது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றுகிறது.

நம்பிக்கை ஒரே நாளில் திரும்பவில்லை. காலையில் ஒரு சங்கீதம், அதன் பின் நான் உண்மையாகவே சொல்லக்கூடிய ஒரு வாக்கியம், அவ்வளவுதான் பல மாதங்கள் நடந்தது. இப்போது சபையாரோடு டயாலிசிஸ் நோயாளிகளைப் பார்க்கப் போகிறேன். அங்கே ஒரு பெண், “ஜெபம் பண்ணினா இவருக்குச் சரியாயிடுமாண்ணே?” என்று கேட்டார். தெரியாது, ஆனால் நமக்காகக் கண்ணீர்விட்டவரிடம் சேர்ந்து கேட்போம் என்றேன். முன்பு அப்படிச் சொல்ல எனக்குத் துணிவு இருந்திருக்காது. என் தம்பிக்கு ஏன் சுகம் கிடைக்கவில்லை என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. அதையும் ஜெபத்திலேயே கேட்கிறேன்.

ஆகவே சகோதரி, ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு வாய் திறக்க முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்திலிருப்பவர்கள் பாடட்டும். உங்கள் சபையில் குற்றஞ்சாட்டாமல் கேட்கக்கூடிய மூத்தவர் ஒருவரிடம், எங்களுக்கு எழுதிய அதே வார்த்தைகளில் இதைச் சொல்லுங்கள்.