மஞ்சள், புளி, குவாலிச் (வாணலிச்) சூடு மூன்றையும் தாங்க சமையல் மேடையின் டேபிள் டாப்புக்கு எந்தக் கல் போடலாம்?

சிப்புட் மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் கலாசாலைக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் தாமானில் (குடியிருப்பில்) அம்மாவும் நானும் இருக்கிறோம். பின்பக்கம் இழுத்துக் கட்டிய சமையலறையை அடுத்த மாதம் உடைத்துச் சீர் செய்யப் போகிறோம். கேபினெட் அலுமினியம் என்று முடிவாகிவிட்டது, கரையான் தொல்லை இனி வேண்டாம். டேபிள் டாப்பில்தான் மூன்று வாரமாக முடிவு எடுக்க முடியாமல் நிற்கிறேன்.

எங்கள் சமையலைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். அம்மாவுக்கு 74 வயது. தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் மரம் சீவியவர். விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடிய பழக்கம் இன்னும் போகவில்லை, நாலு மணிக்கெல்லாம் அடுப்பு எரியும். வாரத்தில் மூன்று நாள் புளி கரைத்த மீன் கறி. மஞ்சளும் மிளகாயும் ஈரமாக அரைத்து வழித்துப் போடுவார். சம்பாலுக்கு லெசுங்கில் (சிறு கல் உரலில்) இடித்தால்தான் ருசி என்பார். எண்ணெய் கொதித்த குவாலியைத் தூக்கி அப்படியே மேடைமேல் வைப்பார். கீழே பலகை வைத்துக் கொள்ளுங்கள் என்று நான் பத்து வருடமாகச் சொல்கிறேன். லயத்து வீட்டில் சிமெண்டு மேடையில் சமைத்த கை, அது மாறாது. மாற வேண்டும் என்று நானும் இப்போது நினைக்கவில்லை. கல்தான் அவருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

இப்போது இருப்பது மரத்தூள் பலகைமேல் லேமினேட் ஒட்டியது. போட்டு ஒன்பது வருடம். சிங்க்குக்காக அறுத்த ஓரத்தைச் சரியாக அடைக்கவில்லை. தண்ணீர் உள்ளே இறங்கி, தேநீரில் நனைத்த ரொட்டி மாதிரி பலகை ஊதி உதிர்கிறது. போட்டவர் இரண்டு தடவைக்குப் பிறகு போனை எடுப்பதே இல்லை. அதனால்தான் இந்த முறை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் செய்ய நினைக்கிறேன்.

புதிய குத்தகையாளர் வெள்ளை குவார்ட்ஸ் போடச் சொல்கிறார். ஷா ஆலாமில் இருக்கும் தம்பிக்கும் அதே விருப்பம். ஈப்போவில் ஒரு கடையில் நம் ஊர் மார்பிளைக் காட்டினார்கள். சாம்பல் கோடு ஓடும் வெள்ளைக் கல். அதைப் பார்த்ததிலிருந்து என் மனது அங்கேயே கிடக்கிறது. அம்மாவோ, சிமெண்டு கட்டி மேலே டைல்ஸ் ஒட்டினால் போதும் என்கிறார். ‘எல்’ வடிவ மேடை, ஒரு பக்கம் 9 அடி, மறுபக்கம் 7 அடி. டேபிள் டாப்புக்கு மட்டும் 4,000 வெள்ளி (ரிங்கிட்) எடுத்து வைத்திருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிம்பாங் பூலாய் கல் வேலை எழுதியது:

அக்கா, பத்தொன்பது வருடமாகக் கல் அறுக்கிறேன். மார்பிள் எங்கள் ஊர்ப் பக்கத்து மலையில் வெட்டுவது, அதன் அழகு எனக்கும் தெரியும். ஆனாலும் உங்கள் அம்மாவின் சமையலறைக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஈப்போவைச் சுற்றி நிற்கும் மலைகளில் பல சுண்ணாம்புக்கல். அந்தச் சுண்ணாம்புக்கல் பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகியதுதான் மார்பிள். உருமாறினாலும் உள்ளே சுண்ணாம்புச் சத்துதான். புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு, வினிகர் எது பட்டாலும் அது கல்லை அரித்துவிடும். இது கறை இல்லை, துடைத்தால் போகாது. பளபளப்பு போய் மங்கலாக ஒரு வட்டம் விழும். சீலர் அடித்திருக்கிறோம், ஒன்றும் ஆகாது என்று கடையில் சொல்வார்கள். சீலர் எண்ணெயும் சாயமும் உள்ளே இறங்குவதைத் தடுக்கும், புளிப்பு அரிப்பதைத் தடுக்காது. அந்தக் கல்மேல் ஆசை இருந்தால் சாமி மேடைக்குப் போடுங்கள். அங்கே நன்றாக இருக்கும்.

குவார்ட்ஸ் முழுக் கல் இல்லை. குவார்ட்ஸ் பொடி 90 சதவீதம் அளவுக்கு, மீதி பிசினும் நிறமும். தண்ணீர் குடிக்காது, சீலர் தேவையில்லை, பராமரிப்பு சுலபம். அதன் பலவீனம் அந்தப் பிசின். 150 டிகிரியைத் தாண்டினால் நிறம் மாறலாம், விரிசல்கூட விடலாம். பொரித்து இறக்கும் குவாலி அதைவிடச் சூடு. உங்கள் அம்மாவின் பழக்கத்துக்கு ஒரு தீபாவளி தாங்குமா என்பதே சந்தேகம்.

நான் சொல்வது கிரானைட், அதிலும் கருப்பு. வீட்டில் அம்மி இருந்தால் அதைப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்தக் கல் குடும்பம்தான். சூட்டுக்கு அசையாது, புளிக்கு அசையாது. வெளிர் நிற கிரானைட் தண்ணீரை உறிஞ்சும், அதற்குச் சீலர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல கருப்புக் கல் குறைவாகத்தான் உறிஞ்சும். ஒன்று மட்டும் கவனியுங்கள், சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கருப்பு என்று விற்பதும் உண்டு. வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். நகப்பூச்சு அழிப்பானில் இருக்கும் அதே அசிட்டோன்தான். துணி கருத்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

விலை கேட்கும்போது அடிக் கணக்கில் ‘எல்’ மூலையை ஒரு தடவை எண்ணுகிறார்களா, இரண்டு தடவையா என்று கேளுங்கள். இரண்டு அடி காசு அதில் போய்விடும். கனம் எத்தனை மில்லிமீட்டர் என்றும் கேளுங்கள். 15 மில்லிமீட்டர் பலகையின் முன் ஓரத்தில் இன்னொரு துண்டை ஒட்டி, 40 மாதிரி காட்டுவது வழக்கம். அது ஏமாற்று இல்லை, அழகுக்காகச் செய்வது. ஆனால் லெசுங் இடிக்கும் இடத்தில் கல்லின் உண்மையான கனமும் கீழே இருக்கும் தாங்கலும்தான் கணக்கு. இடிக்கும் இடம் கேபினெட்டின் நெட்டுப் பலகைக்கு நேர் மேலே வரட்டும். சிங்க், அடுப்பு ஓட்டைகளின் உள்மூலைகளை வளைவாக அறுக்கச் சொல்லுங்கள். கூர்மையாக அறுத்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். எந்தக் கல்லானாலும் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் விடாமல் கிரைண்டரில் அறுக்க விடாதீர்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. குவார்ட்ஸில் அது மிக அதிகம். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அந்தச் செயற்கைக் கல்லையே தடை செய்துவிட்டார்கள், கல் அறுக்கும் தொழிலாளர்கள் இளம் வயதிலேயே படுத்துவிட்டதால். என்னோடு வேலை செய்த ஒருவர் இன்று மாடிப்படி ஏற முடியாமல் இருக்கிறார். ஓட்டை எல்லாம் பட்டறையிலேயே தண்ணீர் விட்டு அறுத்து வரட்டும். அதற்காக வேலை ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பந்திங் சமையல்காரம்மா எழுதியது:

மகளே, நான் கோயில் விசேஷத்துக்கும் கல்யாணத்துக்கும் சமைத்துக் கொடுக்கிறவள். அந்தத் தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் சேர்த்துச் சொல்வது, பதினாறு அடிக்கும் ஒரே பொருள் போட வேண்டும் என்று யார் சொன்னது? என் வீட்டில் அடுப்புக்கு இரண்டு பக்கமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மீதி இடத்தில் கல். குவாலியை எங்கே இறக்கினாலும் கவலையில்லை.

ஸ்டீல் வாங்கினால் 304 தரம் என்று ரசீதில் எழுதி வாங்கு. மலிவான 201 தகடு பார்க்க அதே மாதிரி மின்னும், நம் ஈரச் சமையலறையில் சீக்கிரம் துருப்புள்ளி விடும். 304-க்கும் உப்பு ஆகாது. ஊறுகாய் ஜாடி கசிந்த இடத்தையும் கருவாட்டு உப்பையும் இரவெல்லாம் அப்படியே விட்டால் பொட்டுப் பொட்டாக அரிக்கும். தகட்டுக்கு அடியில் பலகை கொடுத்து ஒட்டச் சொல், இல்லாவிட்டால் பாத்திரம் வைக்கும்போதெல்லாம் தகர டின் மாதிரி சத்தம் கேட்கும். கீறல் விழும். முதல் கீறலுக்கு மனசு வலிக்கும், ஆயிரம் கீறல் விழுந்த பிறகு எல்லாம் ஒரே நிறமாகிவிடும்.

அப்புறம் உயரம். கல்லைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், உயரத்தைக் கேட்பார் இல்லை. கடைக்காரர்கள் ஒரே அளவைத்தான் எல்லாருக்கும் அடிப்பார்கள். அம்மாவை நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு அரைச் சாண் கீழே கோடு போடு. எனக்கு அது தெரியாமல் போய், எட்டு வருடம் தோளைத் தூக்கிக்கொண்டே காய் வெட்டினேன்.

பீடோங் வாசி எழுதியது:

அம்மா சொல்லும் டைல்ஸைத் தள்ளிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் 60 சென்டிமீட்டர் பெரிய டைல்ஸ், இடைவெளி குறைவு, அதை அடைக்கச் சாதா சிமெண்டுப் பூச்சுக்குப் பதில் எபாக்சி கிரௌட் (பிசின் கலவை). மஞ்சள் ஏறவில்லை. செலவு மிகக் குறைவு. ஒரு டைல்ஸ் உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். வாங்கும்போதே நாலைந்து கூடுதலாக வாங்கி வையுங்கள், அதே நிறம் பிறகு கிடைக்காது.

சிப்புட் மகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை ஈப்போ போய் ஐந்து சாம்பிள் துண்டு வாங்கி வந்தேன். மார்பிள், வெள்ளை குவார்ட்ஸ், சாம்பல் கிரானைட், கருப்பு கிரானைட், ஒரு டைல்ஸ். அம்மா ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில், அரைத்த மஞ்சள், கெட்டிப் புளி, எலுமிச்சைத் துண்டு வைத்தார். இரவு முழுக்க விட்டோம்.

காலையில் மார்பிளைக் கழுவியபோது எலுமிச்சை இருந்த இடம் விரலால் தடவினாலே தெரிந்தது. புளி இருந்த இடத்திலும் அதே மங்கல். எனக்குத் தொண்டை அடைத்தது, அவ்வளவு பிடித்திருந்தது அந்தக் கல். குவார்ட்ஸில் மஞ்சள் லேசாகத் தங்கி, சோடா மாவு போட்டுத் தேய்த்ததும் முக்கால்வாசி போனது. சாம்பல் கிரானைட்டில் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரத்தில் கருத்த திட்டு. கருப்பில் எதுவும் இல்லை, அசிட்டோன் துணியும் வெள்ளையாகவே இருந்தது. டைல்ஸும் நன்றாகத் தாங்கியது, ஆனால் அம்மாவே கருப்புக் கல்லைத் தடவிப் பார்த்து, “இது நம்ம அம்மி மாதிரி சில்லுன்னு இருக்கு” என்றார். கல் வேலைத் தம்பி இங்கே எழுதியதை அதுவரை நான் அவருக்குப் படித்துக் காட்டவே இல்லை.

முடிவு இதுதான். அடுப்பு இருக்கும் 7 அடிப் பக்கத்தில் 304 ஸ்டீல், சிங்க் பக்கம் முழுக்கக் கருப்பு கிரானைட் 20 மில்லிமீட்டர். குவார்ட்ஸுக்கும் இதற்கும் அடிக்கு நாற்பது வெள்ளிதான் வித்தியாசம், என் கணக்குக்குள் அடங்குகிறது. மூலையை ஒரு தடவைதான் எண்ணுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சமையல்காரம்மா சொன்னபடி அளந்ததில் அம்மாவுக்கு 31 அங்குலம் வந்தது. பழைய மேடையைவிட மூன்று அங்குலம் கீழே. இத்தனை வருடம் அவர் கால் கட்டைவிரலில் நின்று சமைத்ததை நான் கவனிக்கவே இல்லை. லெசுங்குக்குப் பின்கதவு ஓரத்தில் பழைய சிமெண்டுத் திண்டை உடைக்காமல் விடச் சொல்லிவிட்டேன். உட்கார்ந்து இடிக்கலாம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. சிங்க்கைக் கல்லுக்கு மேலிருந்து உட்கார வைப்பதா, கீழிருந்து ஒட்டுவதா? கீழே ஒட்டினால் துடைக்கச் சுலபம் என்கிறார் குத்தகையாளர்.

சிம்பாங் பூலாய் கல் வேலை எழுதியது:

அவர் சொல்வது சரிதான் அக்கா, மேடைத் தண்ணீரை நேராக உள்ளே தள்ளிவிடலாம். ஆனால் பசையை மட்டும் நம்பி ஒட்ட விடாதீர்கள். தண்ணீர் நிரம்பி, உள்ளே பெரிய சட்டியும் இருந்தால் கனம் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். கேபினெட்டிலிருந்து சிங்க்குக்கு அடியில் இரண்டு அலுமினியக் கம்பி குறுக்கே கொடுக்கச் சொல்லி, அதைப் போட்ட பிறகு நீங்களே குனிந்து பார்த்துவிட்டு மீதிக் காசைக் கொடுங்கள். கல்லின் அறுத்த உள் ஓரத்துக்கும் பாலிஷ் போடச் சொல்லுங்கள், அம்மா கை படும் இடம் அது.