ஆபரேஷன் இலவசம் என்றால் எதற்குச் சேமிப்பு?

நூல்கண்டு:
திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் தைக்கிறேன். திருநங்கை, வயது 26. ஷிப்டுக்கு 480 ரூபாய். ஒன்றரை ஷிப்ட் ஓடினால் சனிக்கிழமை கையில் 4,300 பக்கம் வரும். அறையில் நாலு பேர் இருக்கிறோம், என் பங்கு வாடகை 1,800. சாப்பாடு, ஹார்மோன் மாத்திரை, ஊருக்கு அனுப்பும் 4,000 எல்லாம் போக மாதம் 4,000 நிற்கும். ஆர்டர் இல்லாத மாதம் அதுவும் நிற்காது. இதுவரை 62,000 சேர்ந்திருக்கிறது.

பெண்ணாக மாறும் ஆபரேஷனுக்குத் தனியார் மருத்துவமனை ஒன்றில் விசாரித்தேன், 2,80,000 சொன்னார்கள். மாதம் நாலாயிரம் வீதம் போனால் இன்னும் நாலரை வருடம். கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அக்கா ஒருவர் 2 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஆரம்பிக்கிறார். 50 பேர், மாதம் 4,000. முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் தள்ளி எடுத்துவிட்டால் இந்த வருடமே முடித்துவிடலாம் என்று ஒரு கணக்கு. போடலாமா?

கடைசிபெஞ்ச்:
சகோ, அடிப்படையிலேயே ஒரு கேள்வி. திருநங்கைகளுக்கென்று நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு, 2008 ஏப்ரலில். அதை ஒட்டியே இந்த அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசம் என்றும் ஆயிற்று. சென்னை பொது மருத்துவமனையில் எத்தனையோ பேர் செய்துகொண்டு நன்றாக இருக்கிறார்கள். மத்திய அரசும் 2022ல் ஆயுஷ்மான் பாரத் டிஜி பிளஸ் என்று வருடத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு அறிவித்தது. இவ்வளவு இருக்க, முதுகு ஒடியச் சேர்த்த காசைத் தனியாரிடம் ஏன் கொட்ட வேண்டும்? வரிசையில் நிற்கக் கூச்சமா?

வண்டிக்காரன்:
கூச்சம் என்ற வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணா. நான் திருநம்பி, பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவன். சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறேன். மே மாத வெயிலில் மார்பை இறுக்கிக் கட்டி, அதன்மேல் பனியன், அதன்மேல் கம்பெனி டீஷர்ட், முதுகில் பை. மாடிப்படி ஏறினால் மூச்சு பாதியில் நிற்கும். கட்டை அவிழ்க்கும்போது விலா ஓரத்தில் தோல் கூடவே உரிந்து வரும். இதோடு ஒரு அரசு மருத்துவமனைக்கு 14 மாதம் நடந்தேன். மனநல மருத்துவர், ஹார்மோன் டாக்டர், ரத்தப் பரிசோதனை, அப்புறம் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் ஓட்டம் போச்சு. இலவசம் என்று சொல்கிறீர்களே, அந்த நாட்களின் கூலியை யார் கணக்கில் எழுதுவது?

கடைசியில் மார்பு ஆபரேஷனைத் தனியாரில் செய்துகொண்டேன், 1,60,000. சேமிப்பு 70,000, அம்மா செயினை அடகு வைத்து 50,000, மிச்சம் 40,000 கடன் ஆப்.

போஸ்ட்மேன்மகள்:
முதலில் அந்தச் சீட்டுக்கு வருகிறேன். நூல்கண்டு, சீட்டு நடக்கிற விதத்தைத் தாளில் எழுதிப் பாருங்கள். ஆரம்ப மாதங்களில் அவசரக்காரர்கள் போட்டி போடுவார்கள், 30 சதவீதத்தை விட்டுக்கொடுத்துத் தள்ளினால்தான் சீட்டு உங்களுக்கு விழும் என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சத்தில் 60,000 கழிந்தது. அதில் நடத்துகிறவர் கமிஷன் 5 சதவீதம், 10,000. மீதி 50,000 ஐம்பது பேருக்கும் ஆளுக்கு ஆயிரம். உங்கள் கைக்கு வருவது 1,40,000. ஏற்கெனவே உள்ள 62,000த்தையும் சேர்த்தால் 2,02,000. மருத்துவமனை சொன்ன தொகைக்கே இன்னும் 78,000 துண்டு விழுகிறது. அதற்குப் பிறகு 47, 48 மாதம் தவணை கட்டியாக வேண்டும். ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கும் மாதத்திலும்தான்.

இன்னொன்று. அந்த அக்கா சீட்டுப் பதிவாளரிடம் பதிவு செய்திருக்கிறாரா? 1982 சட்டப்படி செய்ய வேண்டும். செக்கிங் டேபிளில் நோட்டு வைத்து நடத்தும் சீட்டு என்றால், அவர் ஊரைவிட்டுப் போன மறுநாள் யாரிடம் போய் நிற்பீர்கள்?

அஞ்சலகத்தில் ஆர்.டி. போடுங்கள். இப்போதைய 6.7 சதவீத வட்டியில் மாதம் 4,000 கட்டினால் ஐந்து வருடத்தில் 2,85,000 பக்கம் வரும். ஒரு வருடம் கட்டிய பிறகு இருப்பில் பாதி வரை கடனாகவும் தருவார்கள்.

வண்டிக்காரன்:
ஐந்து வருடமா! அக்கா, நீங்கள் தங்கச்சி கல்யாணத்துக்கா சேர்க்கச் சொல்கிறீர்கள்? ஐந்து வருடத்தில் மருத்துவமனைக்காரன் 2,80,000த்திலேயே உட்கார்ந்திருப்பானா?

மண்வாசல்:
எல்லோரும் எப்படிச் செய்வது என்றே பேசுகிறீர்கள். இப்போது செய்ய வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. என் சொந்தத்தில் ஒரு திருநங்கை அக்கா இருக்கிறார், வயது 48. ஆபரேஷன் ஆகி இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். இன்றைக்கும் வாடகை வீடுதான். மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், காலி செய் என்பார் வீட்டுக்காரர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த வீட்டில் வேறு யாரோ இருப்பார்கள். அந்தக் காசில் ஊர் ஓரம் ஒரு சென்ட் வாங்கிப் போட்டிருந்தால் இன்று இந்த அலைச்சல் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒருவருடைய பாலினத்தை ஏற்க அறுவை சிகிச்சை ஆகியிருக்க வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என 2014 ஏப்ரல் 15ல் உச்ச நீதிமன்றமே நால்சா வழக்கில் சொல்லிவிட்டது. அப்புறம் என்ன அவசரம்? முதலில் மண், பிறகு மற்றது.

வண்டிக்காரன்:
தீர்ப்பு சொன்னது சரி. அடுத்து 2019ல் வந்த சட்டத்தையும் படியுங்கள். திருநர் என்று சான்றிதழ் வாங்க ஆபரேஷன் வேண்டாம் என்றது அது. ஆண் அல்லது பெண் என்று மாற்ற வேண்டுமானால், சிகிச்சை ஆனதற்கு மருத்துவமனைச் சான்றோடு வா என்று அதில் எழுதினார்கள்.

நூல்கண்டு:
மண்வாசல் அண்ணா, உங்கள் அக்கா சொன்னது அவருக்குச் சரியாக இருக்கும். எனக்குக் காகிதம் பெரிய விஷயம் இல்லை. காலையில் எட்டரைக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் இரவு எட்டரைக்குத்தான் எழுந்திருப்பேன். உள்ளே இறுக்கிக் கட்டியிருப்பதால் தொடை இடுக்கு புண்ணாகிவிடும். பாத்ரூம் போக வேண்டி வருமே என்று பதினொரு மணி டீயைக்கூடக் குடிப்பதில்லை. இரண்டு தடவை சிறுநீரில் கிருமி வந்து காய்ச்சலில் படுத்தேன். ஒரு சென்ட் மண்ணை வைத்துக்கொண்டு இந்த உடம்போடு அதன்மேல் எப்படிப் படுப்பேன்?

செவ்வந்தி:
மகளே, நான் மதுரை. எனக்கு ஆபரேஷன் ஆகிப் பதினைந்து வருடம், அரசு மருத்துவமனையில்தான். எங்களுக்கு முந்தின தலைமுறையில் தாயம்மா என்கிற மூத்த திருநங்கை கையால் நிர்வாணம், அதாவது உறுப்பை அறுக்கும் சடங்கு, செய்துகொண்டவர்கள் உண்டு. மயக்க மருந்து கிடையாது, பிழைத்தால் நம் தெய்வம் மாதா புண்ணியம். அதைக் கண்ணால் பார்த்தவளுக்கு அரசு வார்டு சொர்க்கம். ஆகவே தனியாருக்குப் போகாதே என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் கடைசிபெஞ்ச் தம்பி சொல்கிற இலவசம் எனக்குத் தெரியும். கத்திக்குக் காசு இல்லை, படுக்கைக்குக் காசு இல்லை. டிஸ்சார்ஜ் ஆகி ஆட்டோவில் ஏறின நிமிடத்திலிருந்து எல்லாம் காசு. நாற்பது நாள் கண்ணாடி பார்க்காமல் படுத்திருந்து, கடைசி நாள் மஞ்சள் பூசிப் பால் ஊற்றும் சடங்கு வரைக்கும் வாடகை, கஞ்சி, பஞ்சு, துணைக்கு ஒரு ஆள். பால் சடங்குக்குப் பட்டுப்புடவை எடுக்கக் கடன் வாங்கினவள் நான். (வாங்காதே. பருத்திப் புடவையில் ஊற்றினாலும் மாதா ஏற்றுக்கொள்வாள்.) நாற்பத்தைந்தாம் நாள் ரத்தம் கசியக் கசிய மறுபடி கடை கடையாகக் காசு கேட்கப் போனேன்.

ஒன்று கேட்கிறேன். உன் 62,000 யார் பேரில் இருக்கிறது? நான் 38,000 சேர்த்து ஒருத்தரிடம் கொடுத்து வைத்திருந்தேன். கேட்டபோது, எப்போது கொடுத்தாய் என்றார்.

நூல்கண்டு:
வங்கியில்தான் அம்மா, பழைய பெயரில்.

வண்டிக்காரன்:
செவ்வந்தி அம்மா சொன்னது எனக்கும் நடந்தது. மேலே கௌரவத்துக்கு எழுதாமல் விட்டேன், இப்போது எழுதுகிறேன். பதினெட்டாம் நாள் வண்டி எடுத்துவிட்டேன். கடன் ஆப்காரன் என் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் கூப்பிட ஆரம்பித்திருந்தான். பையின் வார் தையல் மேல் அழுத்தி, இடது பக்கம் நீர் கோத்து, ஊசி போட்டு மூன்று தடவை எடுத்தார்கள். செய்துகொண்டதற்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. 1,60,000 என்று மருத்துவமனை பில்லை மட்டும் எண்ணினேன் பாருங்கள், அதுதான் முட்டாள்தனம்.

போஸ்ட்மேன்மகள்:
சரி, என் ஆர்.டி. யோசனையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். நூல்கண்டு, உங்களுக்கு இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு, பிடிக்கிறார்களா? சம்பளத்தில் 0.75 சதவீதம் கழியும்.

நூல்கண்டு:
பிடிக்கிறார்கள் அக்கா. ஆனால் எட்டு மணி நேரக் கூலிக்கு மட்டும். மேலே உள்ள அரை ஷிப்ட் கையில் தருவது, கணக்கில் ஏறாது.

போஸ்ட்மேன்மகள்:
நினைத்தேன். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை உண்டு. வேலை செய்ய முடியாத நிலை என்று அவர்களுடைய டாக்டர் சான்று கொடுத்தால், சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். உங்கள் கணக்கில் ஏறுவது 480 என்றால் நாளுக்கு 336. 90 நாளைக்கு 30,000 பக்கம். அரை ஷிப்டும் ஏறியிருந்தால் 45,000 வந்திருக்கும், அதைக் கம்பெனி தின்றது. ஆபரேஷன் தேதி தெரிவதற்கு முன்னாலேயே டிஸ்பென்சரியில் முகத்தைக் காட்டி, கேட்டு வையுங்கள். பி.எஃப். இருந்தால் வைத்தியச் செலவுக்கு முன்பணமும் எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் பெயரை மாற்றுங்கள். மத்திய அரசின் திருநர் இணையதளத்தில் விண்ணப்பித்தால் கலெக்டர் சான்று வரும். அதை வைத்து ஆதார், பிறகு வங்கி, பி.எஃப். மூன்றிலும் மூன்று பெயர் இருந்தால் எதுவும் நகராது.

கடைசிபெஞ்ச்:
இதைத்தானே நானும் சொன்னேன்! அரசு மருத்துவமனை, கூடவே இ.எஸ்.ஐ.

வண்டிக்காரன்:
இல்லை அண்ணா. நீங்கள் சொன்னது, காசே வேண்டாம் என்று. இங்கே அவருக்கு 62,000 தேவைப்படுகிறது, கத்திக்கு அல்ல, மூன்று மாதம் படுத்திருக்க.

கடைசிபெஞ்ச்:
சரி, கூச்சம் என்றது தவறு. ஆனால் தனியாருக்கு 2,80,000 என்பதை இப்போதும் ஏற்கமாட்டேன்.

வண்டிக்காரன்:
டாக்டரை நாமே தேர்ந்தெடுக்கலாம், தேதி உறுதியாகக் கிடைக்கும். அதற்குத்தான் அந்த விலை. தேதி தெரியாமல் ஒன்றரை வருடம் காத்திருந்து பாருங்கள், ஏற்பீர்கள்.

நூல்கண்டு:
நேற்று இரவு அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். நாலு பேர் அறையில் படுக்க முடியாது. முதல் சில மாதம் ஆபரேஷனில் வைத்த பாதை சுருங்காமல் இருக்க தினமும் பல தடவை டைலேட்டர் என்ற குச்சியை உள்ளே வைக்க வேண்டுமாம், கதவு சாத்தி, அரை மணி நேரம். ஆகவே பாத்ரூம் ஒட்டிய தனி அறை, மூன்று மாதம், 13,500. ஊருக்கு அனுப்புவது 12,000, அதை நிறுத்த முடியாது. சாப்பாடு 12,000. மாத்திரை, பஞ்சு, களிம்பு, வண்டி எல்லாம் 15,000. துணைக்கு வருகிற தோழிக்கு இரண்டு வாரக் கூலி 8,600. மொத்தம் 61,100.

சீட்டில் சேரவில்லை என்று செக்கிங் அக்காவிடம் சொல்லிவிட்டேன், முகம் சுளித்தார். சென்னை அரசு மருத்துவமனையில் பதிவு செய்யப் போகிறேன். டவுன் பஸ் நமக்கு இலவசம்தான், ஆனால் திருப்பூரிலிருந்து சென்னைக்கு டவுன் பஸ் இல்லையே, போக்குவரத்துக்கு அந்த மாதாந்திர 4,000த்திலிருந்துதான் எடுக்க வேண்டும். மீதியை ஆர்.டி.யில் போடுகிறேன். ஒன்றரை வருடத்தில் தேதி வரவில்லை என்றால் வண்டிக்காரன் தம்பி பக்கம் வந்துவிடுவேன்.

மண்வாசல்:
அந்த 4,000த்தில் ஐந்நூறாவது மண்ணுக்கு எடுத்து வை. உன் அண்ணனாகச் சொல்கிறேன்.

நூல்கண்டு:
மாத்திரை வாழ்நாள் முழுக்க உண்டு அண்ணா. அந்த ஐந்நூறு அங்கே போகும்.

செவ்வந்தி:
13,500 எதற்குக் கொடுக்கிறாய்? மதுரைக்கு வா. என் வீட்டில் பின்அறை காலியாக இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, பாத்ரூம் நாலு எட்டு.

நூல்கண்டு:
அம்மா, தப்பாக நினைக்காதீர்கள். டாய்லெட் உட்கார்ந்து போகிற மாதிரியா, குத்த வைக்கிற மாதிரியா?

செவ்வந்தி:
குத்த வைக்கிறதுதான். எனக்கு ஆனபோது பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் நடுவில் கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டோம். அது மாடியில் கிடக்கிறது. ஒரு கால் உடைந்திருக்கிறது, நீ வருவதற்குள் சரிபண்ணி வைக்கிறேன்.