வாடகைதாரர் ரூம்மேட் சேர்த்துக்கொள்ள ஓனர் சம்மதிக்கலாமா?

கேள்வி:
மூன்று படுக்கையறை வீடு, ஒருவர் பெயரில் அக்ரிமெண்ட். மற்ற இரண்டு அறைகளுக்கு ஆள் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். மொத்த வாடகையைத் தானே தருவாராம். சம்மதிப்பதென்றால் எழுத்தில் என்ன வாங்க வேண்டும்?

பதில் 1:
வருகிறவர் உங்கள் வாடகைதாரரா, அவருடைய வாடகைதாரரா? இதை முதலில் முடிவு செய்யுங்கள். மூவரும் ஒரே அக்ரிமெண்டில் கையெழுத்திட்டு, "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்ற வரியும் இருந்தால், ஒருவர் கிளம்பினாலும் முழு வாடகையை மற்றவர்களிடம் கேட்கலாம். உள்வாடகை, அதாவது உங்கள் வாடகைதாரரே இன்னொருவருக்கு அறையை வாடகைக்கு விடுவது என்றால், உங்களுக்குப் பொறுப்பு அந்த ஒருவர்தான். அவர் சொல்லாமல் கிளம்பிவிட்டால், உங்களோடு எந்த ஒப்பந்தமும் இல்லாத இரண்டு பேர் வீட்டுக்குள் இருப்பார்கள். சிக்கலே அங்கேதான். என் ஓட்டு கூட்டு அக்ரிமெண்டுக்கு.

பதில் 2:
ஆள் அடிக்கடி மாறும் வீட்டில் கூட்டு அக்ரிமெண்ட் சரிப்படாது. ஒவ்வொரு முறையும் எல்லோரும் திரும்பக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே உள்வாடகையே மேல், ஆனால் பொதுவாக "சரி" என்று சொல்லிவிடாதீர்கள். சம்மதம் ஆளுக்கு ஆள், பெயர் குறிப்பிட்டு, எழுத்தில் இருக்கட்டும். அடையாளச் சான்றும் வருமானச் சான்றும் பார்த்த பிறகே கொடுங்கள். உள்வாடகைக் காலம் மூல அக்ரிமெண்டுக்கு ஒரு நாளாவது முன்னால் முடிய வேண்டும். மேற்கொண்டு இன்னொருவருக்கு விடக்கூடாது, நாள்வாடகைக்கு விடக்கூடாது என்றும் சேருங்கள்.

முக்கியமாக, உள்வாடகைக்காரரிடம் நேரடியாகப் பணம் வாங்காதீர்கள். மாதாமாதம் உங்கள் கணக்கில் விழுந்தால், நீங்களே அவரை வாடகைதாரராக ஏற்றுக்கொண்டீர்கள் என்று வாதாடப் பல இடங்களில் வழி உண்டு.

பதில் 3:
சண்டை பெரும்பாலும் அட்வான்ஸில்தான் வரும். ஒருவர் போய் இன்னொருவர் வரும்போது போகிறவரின் பங்கை நீங்கள் திருப்பித் தர வேண்டாம். புதியவர் பழையவருக்குக் கொடுத்துவிட்டு, "அறையை இந்த நிலையில் ஏற்றுக்கொள்கிறேன்" என்று எழுதித் தரட்டும். அன்றே தேதியோடு போட்டோ எடுங்கள்: சுவர், கதவுக்குப் பின்புறம், மெத்தையின் இரு பக்கமும், மின்மீட்டர் ரீடிங். இல்லாவிட்டால் பழைய கறை யாருடையது என்று கடைசியில் யாராலும் சொல்ல முடியாது.

அறைக் கதவுக்குப் பூட்டு கேட்பார்கள். உள்பக்கம் சாவியில்லாமல் கையால் திருகித் திறக்கும் வகையைப் போடுங்கள். தீப்பிடித்தால் இருட்டில் சாவி தேட நேரம் இருக்காது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரே குடும்பம் என்று எடுத்த பாலிசியில், தனித்தனி ஆட்கள் இருந்தது பிறகு தெரிந்தால் க்ளெய்ம் மறுக்கப்படலாம். உறவில்லாதவர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் தனி லைசென்ஸ் கேட்கும் ஊர்களும் உண்டு.

கேள்வி கேட்டவர்:
அவர் ரூம்மேட்டிடம் கூடுதலாக வாங்கி லாபம் பார்த்தால்?

பதில் 2:
உள்வாடகை அக்ரிமெண்டின் நகலைச் சம்மதத்துக்கு முன்பே வாங்குங்கள், தொகை அதிலேயே தெரியும். சிறு வித்தியாசம் இருந்தால் விடுங்கள். பில், பொருட்கள், ஆள் தேடும் அலைச்சல் எல்லாம் அவர் தலையில்தானே. ஆனால் இரண்டு அறை வசூலே முழு வாடகையைத் தாண்டுகிறது என்றால் அவர் அங்கே குடியிருக்கவில்லை, தொழில் நடத்துகிறார். அப்போது மறுத்துவிடுங்கள்.