தியத்தலாவ போயர் கைதி முகாம்: வீட்டுக் கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. நான் இலங்கை மலையகத்தில் அப்புத்தளைப் பக்கம். லயத்து வீட்டை இடித்துக் கட்டும்போது, அப்பாவின் தாத்தாவுடைய டிரங்குப் பெட்டிக்குள் ஒரு சின்ன மரப்பெட்டி கிடைத்தது. உள்ளங்கை அகலம்தான். மூடியில் கொடியும் பூவும் செதுக்கி, அடியில் 'தியத்தலாவ 1901' என்று ஆங்கிலத்தில் கீறியிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி, ஆங்கிலம் இல்லை. பாதி தேய்ந்துவிட்டது.

1900 ஆகஸ்டில் இருந்து, தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ்காரனோடு சண்டை போட்டுப் பிடிபட்ட போயர்கள் (அங்கே குடியேறிய டச்சு வம்சாவளி ஆட்கள்) சுமார் 5000 பேரைத் தியத்தலாவயில் தகரக் கொட்டகை போட்டு, முள்வேலிக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்கள் மரச்சாமான் செதுக்கி விற்றதும் உண்டு. அதே நேரம் அவர்கள் ஊரில் பெண்களும் பிள்ளைகளுமாக 26,000 பேருக்கு மேல் பிரிட்டிஷ்காரன் போட்ட முகாம்களில் செத்தார்கள். கறுப்பின மக்களுக்குத் தனி முகாம்கள். அங்கே செத்தவர்களைச் சரியாக எண்ணக்கூட இல்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. 1818-இல் இங்கே ஊவா மக்கள் பிரிட்டிஷ்காரனை எதிர்த்து எழுந்தபோது ஊர் ஊராக எரித்ததும் இதே ஆட்சிதானே.

அப்பாவின் தாத்தா அந்தத் தியத்தலாவ முகாமுக்கு மூட்டை தூக்கினார் என்று அப்பாயி சொல்லுவாங்க. அதற்கு மேல் கேட்க இப்போது ஆள் இல்லை.

பண்டாரவளை, அப்புத்தளை, தியத்தலாவப் பக்கத்து ஆட்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முகாமில் கூலி வேலை, காய்கறி, விறகு என்று ஏதாவது பேச்சு வந்திருக்கிறதா? இப்படிப் பெட்டி, கைத்தடி யாரிடமும் இருக்கிறதா? டச்சு வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், அந்த வரியின் படத்தை அனுப்புகிறேன்.