யூனிற்றுக்கு 7 கிலோமீற்றராம்!

மீற்றர்காரன்:
"ஒரு யூனிற் மின்சாரத்துக்கு 7 கிலோமீற்றர், கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போடுங்கோ" என்று மின்வண்டி77 தன்ர அட்டோ 3 மின்காரைப் பற்றி நேற்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கண்ணை மூடினால் அப்படித்தான் தெரியும். கார்த் திரை காட்டுவது பற்றரியிலிருந்து வெளியேறியது. மின்சார சபை காசு கேட்பது சுவர் மீற்றரில் ஏறியதுக்கு. இடையில் 10–15 வீதம் சூடாகப் போகுது. 7 இல்லை, 6.

மின்வண்டி77:
100 கிலோமீற்றருக்கு 14 யூனிற் என்று திரையே சொல்லுது. பிரித்தால் 7.1. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. பேட்டரி கார் வைத்திருக்காதவர்கள் வகுப்பெடுக்கிறார்கள்.

மீற்றர்காரன்:
முதலில் 'பற்றரி' என்று எழுதப் பழகும். சாதாரண பிளக்கில் 10 அம்பியர் இழுத்தால் 2.3 கிலோவாட். சார்ஜ் ஏறி முடியும்வரை காரின் கணினியும் பம்பும் விழித்திருக்கும், அதுக்கே 200–300 வாட். பத்தில் ஒரு பங்கு அங்கேயே போச்சு. 7 கிலோவாட்டில் ஏற்றினால் அதே 300 வாட் வெறும் 4 வீதம். மாதம் 1000 கிலோமீற்றர் ஓடினால் உமது கணக்கில் 141 யூனிற், மீற்றரில் 167. வீட்டுப் பாவனையோட சேர்ந்து அந்த 26-உம் மின்கட்டணத்தில் மாதம் 180 யூனிற்றுக்கு மேற்பட்ட, ஆக விலை கூடின படியில்தான் போய் விழும்.

கராஜ்_கொட்டாஞ்சேனை:
7 கிலோவாட் என்று சொல்லமுதல் வீட்டு இணைப்பைப் பாருங்கோ. சிங்கிள் பேஸ் 30 அம்பியர் என்றால், 7 கிலோவாட்டுக்கான 32 அம்பியர் சார்ஜரோட ஏ.சி., கீசர் போட்ட உடன மெயின் பிரேக்கர் விழும். சார்ஜரை 16 அம்பியருக்கு இறக்குங்கோ. தனி பிரேக்கர், 6 சதுர மில்லிமீற்றர் வயர், ஒழுங்கான எர்த். 13 அம்பியர் பிளக்கில் இரவிரவாக ஏற்றுகிற ஆக்கள் காலையில் சுவிட்சை நிப்பாட்டி, பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கோ. சுட்டால் உள்ளே ஸ்குரூ தளர்ந்திருக்கு. சொக்கெட் மஞ்சளித்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கோ.

இரண்டும்கெட்டான்:
இந்தத் தலையிடி எதுக்கு? பெற்றோலிலும் ஓடுகிற, பிளக்கிலும் ஏற்றக்கூடிய 2017–2022 பிரியஸ் பிளக்-இன் எடுங்கோ. 8.8 யூனிற் பற்றரி, சாதாரண பிளக்கிலேயே 4 மணித்தியாலத்துக்குள் நிரம்பும். வெள்ளவத்தை–கோட்டை போய்வர ஒரு சொட்டுப் பெற்றோல் வேண்டாம்.

கராஜ்_கொட்டாஞ்சேனை:
அதுதான் வில்லங்கம். பெற்றோல் டாங்கில் மாதக்கணக்காகக் கிடந்து பழசாகும். எஞ்சின் இரண்டு நிமிடம் ஓடி நின்றால் சூடேறாது, ஒயிலில் பெற்றோலும் ஈரமும் கலக்கும். கிலோமீற்றரைப் பார்க்காமல் மாதத்தைப் பார்த்து ஒயில் மாற்ற வேணும். இரண்டு கிழமைக்கு ஒருக்கா ஹைபிரிட் மோடில் போட்டு நல்லாச் சூடேற ஓட்டுங்கோ.

மின்வண்டி77:
கராஜ்காரருக்கு எதைத் தொட்டாலும் ஒயில். எங்கட காரில் ஒயிலே இல்லை.

கராஜ்_கொட்டாஞ்சேனை:
கியர் ஒயில் இருக்கு தம்பி. கூலண்டும் இருக்கு. கையேட்டைத் திறந்து பாரும்.

நாலாம்மாடி:
ஃபிளாட் பார்க்கிங்கில் சொக்கெட்டே இல்லாதவன் என்ன செய்ய? அக்வா ஹைபிரிட் பெற்றோல் லீற்றருக்கு 18 கிலோமீற்றர் தருது, போதும்.

கராஜ்_கொட்டாஞ்சேனை:
பின்சீற்றுப் பக்கத்து பற்றரி விசிறியின் வடி (ஃபில்டர்) தூசி அடைத்தால் அந்த 18-உம் இருக்காது, பற்றரியும் இருக்காது.

மீற்றர்காரன்:
பேச்சை மாத்தாதையுங்கோ. 6. நிசான் லீஃப் மின்காரின் பற்றரி தேயாது என்று முந்திச் சொன்னதும் இதே மின்வண்டிதான். 24 யூனிற் லீஃபில் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. நம்மட வெக்கையில் பற்றரியின் கொள்ளளவைத் திரையில் காட்டுகிற 12 கோட்டில் ஒவ்வொன்றாகக் கழன்றதை ஊரே பார்த்தது.

மின்வண்டி77:
அது லீஃப். அட்டோ 3-இல் குளிரூட்டல் இருக்கு. பழைய கோபத்தை வேற இடத்தில் தீரும். 7.1.

மீற்றர்காரன்:
சரி, உமது திரையையே எடுப்பம். காலி வீதி நெரிசலில் மணிக்கு 15 கிலோமீற்றர். சில்லுக்கு 1.6 யூனிற், அந்த ஒரு மணித்தியாலம் ஏ.சி.க்கு 1 யூனிற். மொத்தம் 2.6. திரையிலேயே யூனிற்றுக்கு 5.8 கிலோமீற்றர்தான். சுவரில் 5.

மின்வண்டி77:
அது ஏ.சி.யின் குற்றம், காரின் குற்றமில்லை. நிப்பாட்டிட்டு ஓடிப் பாரும்.

மீற்றர்காரன்:
சித்திரை வெயிலில், பம்பலப்பிட்டிச் சந்தியில், ஏ.சி. இல்லாமல். நீர் முதலில் ஓடும் ராசா.

மின்வண்டி77:
7.1.

கராஜ்_கொட்டாஞ்சேனை:
சொக்கெட்டை யாராவது தொட்டுப் பார்த்தீங்களா?