20 நொடி அதிர்வுப் பதிவுக்கு வெளி மெமரி: எஸ்டிரேமா, பிஎஸ்ரேமா?

அச்சாணி:

வணக்கம். மோட்டார் பேரிங் கெட்டுப்போகும் தருணத்தைப் பிடிக்க ஓர் அதிர்வுப் பதிவி செய்துகொண்டிருக்கிறேன். நான்கு சேனல், 16 பிட், நொடிக்கு 25,600 மாதிரி. அதாவது நொடிக்கு 2,04,800 பைட். சத்தம் கேட்ட பிறகு பதிவு செய்து பயனில்லை. அதற்கு முந்தைய 20 நொடிதான் எனக்கு வேண்டும். கணக்குப் போட்டால் 4 எம்பிக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது.

இப்போது வைத்திருப்பது எஸ்டிஎம்32எஃப்407 மைக்ரோகன்ட்ரோலர். அதன் 192 கேபி ரேமை மொத்தமாகக் கொடுத்தாலும் ஒரு நொடிகூட முழுதாக நிற்காது. அதே குடும்பத்து எஃப்429-க்கு மாறி எஸ்டிரேம் (பல கால்களில் இணையும் வேகமான மெமரி) போடலாமா, இல்லை பிஎஸ்ரேமோடு (தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் எளிய மெமரி) வரும் ஈஎஸ்பி32-எஸ்3 சிப் எடுக்கலாமா? போர்டு இரண்டு லேயர்தான், சால்டரிங் கையால். மூன்று வாரமாக டேட்டாஷீட்டுகளை மாற்றி மாற்றிப் படித்துக் குழம்பிப்போயிருக்கிறேன்.

ஈயத்துளி:

எஸ்3 எடுங்கள். 8 எம்பி பிஎஸ்ரேமோடு மாட்யூலாகவே கிடைக்கிறது, மெமரிக்கென்று போர்டில் ஒரு டிரேஸ்கூட (செம்புத் தடம்) போட வேண்டாம். ஆக்டல் வகை (எட்டுத் தரவுக் கம்பி) என்றால் ஜிபிஐஓ 35, 36, 37 கால்கள் மெமரிக்குப் போய்விடும், அதை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

தாங்கி:

அச்சாணி, எத்தனை எம்பி என்று பார்ப்பதற்கு முன்னால் எவ்வளவு வேகம், எந்த வரிசையில் என்று பாருங்கள். உங்கள் வேலை நொடிக்கு 0.2 எம்பி, அதுவும் வரிசையாக எழுதிக்கொண்டே போவது. 800×480 திரையை 16 பிட் நிறத்தில் நொடிக்கு 60 முறை புதுப்பிக்க 46 எம்பி வேண்டும். எஸ்டிரேம் அந்த மாதிரி வேலைக்கு. 4096 வரிசை, 16 பிட் அகலமுள்ள எஸ்டிரேம் என்றாலே 38 கால்கள் போய்விடும். எஃப்429-இன் 100 கால் வடிவத்தில் அது கிடைக்கவும் கிடைக்காது, 144-க்குப் போக வேண்டும். இரண்டு லேயரில் 90 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை இழுத்து நீங்கள் படப்போகும் பாட்டுக்கு இந்தத் திட்டத்தில் அவசியமே இல்லை.

எஸ்3 பற்றி ஈயத்துளி சொன்னது சரி. ஆனால் அதில் பிளாஷும் (நிரல் இருக்கும் மெமரி) பிஎஸ்ரேமும் ஒரே கேஷ் (இடையில் நிற்கும் சிறு வேக மெமரி) வழியாகப் போகின்றன. வழக்கமான அமைப்பில் பிளாஷை அழிக்கும் நேரத்தில் கேஷ் நின்றுவிடும், பிஎஸ்ரேமைத் தொட முடியாது. அழிக்க 40 மில்லிநொடி ஆனால் 1,024 மாதிரிகள் உள் ரேமில் காத்திருக்க வேண்டும். சமாளிக்க முடியாததல்ல, தெரிந்து வைத்திருக்க வேண்டியது.

என் யோசனை: எஃப்407-ஐ மாற்றாதீர்கள். அதில் குவாட்எஸ்பிஐ (நான்கு தரவுக் கம்பியில் பேசும் இணைப்பு) இல்லை, பரவாயில்லை. ஏபிஎஸ்6404எல் போன்ற 8 கால் பிஎஸ்ரேம் சாதாரண எஸ்பிஐயிலும் (பிட் பிட்டாக அனுப்பும் தொடர் இணைப்பு) பேசும். நான்கு கம்பி, 8 எம்பி, சுமார் 40 நொடி நிற்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம். பிஎஸ்ரேமின் உள்ளே இருப்பது டிரேம் செல்தான், அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் தரவு அழியும். சிஎஸ் கால் (சிப்பைத் தேர்ந்தெடுக்கும் கால்) கீழே, அதாவது லோவில், இருக்கும்வரை அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது. அதனால் சிஎஸ்ஸை 8 மைக்ரோநொடிக்கு மேல் கீழே வைக்கக்கூடாது. இது தெரியாமல் நான் 512 பைட்டை ஒரே மூச்சில் எழுதினேன். மேசையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பெட்டிக்குள் வைத்து மூடி, உள்ளே சூடேறியதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக பிட் மாற ஆரம்பித்தது. டிரேஸைச் சந்தேகித்தேன், மின்சாரத்தைச் சந்தேகித்தேன், இரண்டு போர்டு புதிதாகச் செய்தேன். கடைசியில் டேட்டாஷீட்டின் நேர அட்டவணையில் ஒரு வரியாக இருந்தது பதில்.

உங்களுக்கு 42 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். கட்டளையும் முகவரியும் 32 பிட், தரவு 16 பைட். ஆக 160 பிட், 3.8 மைக்ரோநொடி. 16 பைட் என்றால் சரியாக இரண்டு மாதிரித் தொகுதி. நொடிக்கு 12,800 முறை எழுதினாலும் பஸ்ஸுக்கு நூற்றில் ஐந்து பங்கு வேலைதான். எழுதும்போது டிஎம்ஏ (சிபியு இல்லாமலே தரவை நகர்த்தும் பகுதி) விடுங்கள். நடுவில் வேறு இன்டரப்ட் புகுந்து சிஎஸ்ஸை உயர்த்துவதைத் தாமதமாக்கிவிடாமல் பாருங்கள். படிக்கும்போது, 33 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சாதாரண ரீட் கட்டளை செல்லாது, ஃபாஸ்ட் ரீட் கொடுத்து 8 கிளாக் காத்திருக்க வேண்டும். எஃப்எஃப்டி (அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் கணக்கு) வேலையை உள் ரேமிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 4,096 புள்ளி ஃப்ளோட் என்றாலும் 16 கேபிதான்.

அச்சாணி:

ரொம்ப நன்றி அண்ணா. சிப்பையே மாற்ற வேண்டாம் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சந்தேகம்: நிகழ்வு பிடிபட்டதும் எஸ்டி கார்டில் எழுத வேண்டும். கார்டு அப்பப்போ கால் நொடி நின்றுவிடுகிறதே, அதற்குள் புதிய மாதிரிகள் பழையதை அழித்துவிடாதா?

தாங்கி:

அழிக்காது. மெமரியை இரண்டு பாதியாகப் பிரியுங்கள். நிகழ்வு வந்ததும் அந்தப் பாதியைப் பூட்டிவிட்டு மற்றப் பாதியில் எழுதத் தொடங்குங்கள். ஒரு பாதி நிறைய 20 நொடிக்கு மேல் ஆகும், கால் நொடியில் சேருவது 50 கேபிதான். கார்டை வேறு எஸ்பிஐயிலோ எஸ்டிஐஓவிலோ (கார்டுக்கென்றே உள்ள இணைப்பு) போடுங்கள், பிஎஸ்ரேமோடு ஒரே பஸ்ஸில் சேர்க்க வேண்டாம்.

ஈயத்துளி:

சிஎஸ் காலுக்கு ஒரு புல்-அப் ரெசிஸ்டரும் (காலை ஹையில் பிடித்து வைப்பது) போட்டுவிடுங்கள். ரீசெட் நேரத்தில் அது மிதக்கக்கூடாது.