புதுசா முளைச்ச பல்லுல வெள்ளைக் கோடு, பழுப்புத் திட்டு: போர் தண்ணி தான் காரணமா?

பாலக்கோடு அம்மா:
வணக்கம்ங்க. பெரியவனுக்கு எட்டு வயசு, பால் பல்லு எல்லாம் நல்லா வெள்ளையா தான் இருந்துச்சு, இப்ப விழுந்து முளைச்ச முன் பல்லுல பாத்தா சுண்ணாம்பு தடவின மாதிரி குறுக்க கோடு கோடா இருக்கு, மேல் ரெண்டுலயும் பழுப்பா திட்டு வேற. ரெண்டு வேளையும் விளக்க வைக்கிறேன், போகவே மாட்டேங்குது. மாமியார் சாக்லேட்னால தான்னு சொல்றாங்க. நாங்க தோட்டத்து போர் தண்ணி தான் குடிக்கிறோம், குடிக்க நல்லா தான் இருக்கும். சின்னவளுக்கு இப்ப தான் ஒரு வயசு முடிஞ்சுது, அவளுக்கும் இப்டி வருமா?

கரட்டுமேட்டான்:
அக்கா எங்க ஊர்ல பாதி பேருக்கு இதே தான், எங்கப்பா பல்லெல்லாம் காவி கலரு. எலுமிச்சம்பழமும் உப்பும் வச்சு தேய்ங்க, கொஞ்சம் கம்மியாகும். எல்லாம் இந்த பேஸ்ட்டு பண்ற வேலை.

பல் டாக்டர்:
எலுமிச்சை மட்டும் வேணாம்ங்க, புளிப்பு பட்டா பல்லு மேல கெட்டியா இருக்கற எனாமல் இன்னும் அரிச்சுப் போகும். நேர்ல பாக்காம உறுதியா சொல்ல முடியாது, ஆனா இடது வலது ஜோடிப் பல்லுல ஒரே மாதிரி கோடு இருந்தா பெரும்பாலும் ஃப்ளோரோசிஸ் தான், அதாவது தண்ணில இருக்கற ஃப்ளோரைடுங்கற உப்பு ஜாஸ்தியா உடம்புல சேர்ந்து பல்லுல வர்ற கோளாறு, சாக்லேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எனாமல் ஈறுக்குள்ள உருவாகும்போது முதல்ல புரதமா இருக்கும், அப்புறம் அந்தப் புரதம் கரைஞ்சு வெளிய போயி அந்த இடத்துல கால்சியம் பாஸ்பேட் கெட்டிப்படணும், உடம்புல ஃப்ளோரைடு ஜாஸ்தியா இருந்தா புரதம் போறது லேட்டாகுது, எனாமல் நுண்ணுண்ணிய துளையோட நின்னுடுது. முளைக்கும்போது வெள்ளையா தான் இருக்கும், பழுப்பு அப்புறமா ஏறுறது. மேல் முன் பல்லு ரெண்டுக்கும் ஒன்னேகால் வயசுலேர்ந்து ரெண்டரை வயசு வரைக்கும் ரொம்ப முக்கியமான காலம், அதனால பையன் அப்ப குடிச்ச தண்ணி தான் இப்ப தெரியுது. பால் பல்லுக்கு எனாமல் நிறைய அம்மா வயித்துலயே உருவாயிடும், அதான் அது தப்பிச்சுது. பேஸ்ட்ட முழுங்குனா அதுவும் சேரும் தான், மூணு வயசுக்குள்ள அரிசி அளவு, அப்புறம் ஆறு வயசு வரை பட்டாணி அளவு, அவ்ளோ போதும். அதுக்காக நிறுத்திடாதீங்க, சொத்தை வந்துடும்.

போர்வெல் பார்ட்டி:
தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் அடில பூரா பாறைங்க, அந்தப் பாறைலேர்ந்தே ஃப்ளோரைடு தண்ணில கரையுது. ருசியோ வாடையோ எதுவும் இருக்காது, அதனால தண்ணி நல்லாருக்குன்னு நாக்க நம்பாதீங்க. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் சரி, வேற தண்ணி இல்லாத இடத்துல 1.5 வரைக்கும் விடுவாங்க, அதுக்கு மேல குடிக்கக் கூடாது. இதுக்காகவே தான் ஜப்பான் கடன்ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013ல திறந்தாங்க, பைப்ல அந்தத் தண்ணி வந்தா குடிக்கறதுக்கு அதையே வச்சுக்கங்க. இன்னொன்னு, காய்ச்சினா போயிடும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, தண்ணி வத்த வத்த ஃப்ளோரைடு அடர்த்தி ஏறத் தான் செய்யும். மெழுகுவத்தி ஃபில்டர், யூவி ரெண்டும் இதுக்கு வேலைக்காகாது. ஆர்ஓ எடுக்கும். முதல்ல குடிநீர் வாரிய லேப்ல ஒரு பாட்டில் கொண்டு போய் குடுங்க, ஃப்ளோரைடு பாக்கணும்னு வாயத் திறந்து சொல்லுங்க.

பாலக்கோடு அம்மா:
ரொம்ப நன்றிங்க. அப்ப பெரியவனுக்கு ஒன்னும் பண்ண முடியாதா டாக்டர்? சின்னவளுக்கு பால் பவுடர் தான் கலக்கறேன், சோறு வடிக்கறதும் போர் தண்ணி தான்.

பல் டாக்டர்:
பவுடர் கலக்கற தண்ணிய இன்னிக்கே மாத்துங்கம்மா, தாய்ப்பால்ல ஃப்ளோரைடு ரொம்ப ரொம்ப கம்மி, பவுடர்ல தண்ணி எவ்ளோ போகுதோ அவ்ளோவும் குழந்தைக்குள்ள போகும். சோறு பருப்பும் தண்ணிய இழுத்துக்கும், அதுக்கும் இது வேணாம். குளிக்க, துவைக்க தாராளமா ஊத்துங்க. பெரியவனுக்கு மேலோட்டமான கறைன்னா கிளினிக்ல லேசா தேய்ச்சு எடுக்கலாம், ஆழமா இருந்தா ரெசின்னு பிசின் மாதிரி ஒன்ன அந்தத் துளைக்குள்ள ஏத்தலாம், அதுக்கு ஒன்னும் அவசரம் இல்ல, பல்லு முழுசா இறங்கட்டும். ஸ்கூல்ல யாராச்சும் கிண்டல் பண்ணி அவன் சிரிக்கவே கூச்சப்பட்டான்னா மட்டும் முன்னாடியே கூட்டிட்டு வாங்க.